சாவு மெய், வண்டி பொய்

காப்பீட்டு நிறுவனத்துக்காக வாதாடும் வழக்கறிஞரின் அறச்சிக்கல் முழுப் பொய்யான கோரிக்கையில் எழுவதில்லை. நடக்காத விபத்தை நடந்ததாகச் சொல்பவரை மறுக்க எந்த மனச்சாட்சியும் தயங்காது. பாதி மெய்யாக இருக்கும் கோரிக்கையில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வடசென்னையில் அதற்கான களம் கண்முன்னே கிடக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் இரவெல்லாம் ஓடுகின்றன. காசிமேட்டு மீன் ஏலத்துக்கு விடியுமுன் கிளம்பிய ஒருவரை ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறது என்று கொள்வோம். நம்பரைப் பார்த்தவர் யாரும் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவுப்படி, அடையாளம் தெரியாத வண்டியால் நேர்ந்த சாவுக்கு இழப்பீடு 2 லட்சம் ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் அது வெறும் 25,000. அதே சாவுக்கு இன்ஷூரன்ஸ் உள்ள ஒரு வண்டியைக் காட்ட முடிந்தால், இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் என்று கணக்கிட்டுப் பல லட்சம் கிடைக்கும். இந்த இடைவெளியில் தரகர் நுழைகிறார். தெரிந்த ஒருவரின் வண்டி வழக்குக்குள் வருகிறது. டிரைவர் ஒருவர் தாமே இடித்ததாக ஒப்புக்கொள்கிறார். உரிமையாளர் தீர்ப்பாயத்துக்கு வராமல் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுகிறார். சாவு மெய், விதவையின் கண்ணீர் மெய், பிள்ளைகளின் பசியும் மெய். வண்டி மட்டுமே பொய்.

இந்தப் பொய்யை வழக்கறிஞர் பெரும்பாலும் ஒரே தாளில் கண்டுபிடிக்கிறார். அடிபட்டவரை ஸ்டான்லி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததும், பணியிலிருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் சில வரிகள் எழுதுவார்: எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தார், எப்படி அடிபட்டதாகச் சொன்னார். வழக்கறிஞர்கள் 'ஏ.ஆர். காப்பி' என்று சொல்வது இதைத்தான். 'அடையாளம் தெரியாத வாகனம்' என்றோ 'பைக்கிலிருந்து தானாக விழுந்தார்' என்றோ அதில் இருக்கும். சில நாள் கழித்துப் பதிவான எஃப்.ஐ.ஆரில் முழு வண்டி எண் இருக்கும். இழப்பீட்டைப் பற்றி யாரும் யோசிக்காத நேரத்தில் சொன்ன சொல் என்பதால் முதல் தாளுக்கு எடை அதிகம். ஆனாலும் அது வேதவாக்கு அல்ல. கொண்டுவந்தவர் விபத்தையே பார்க்காத வழிப்போக்கராக இருக்கலாம். இந்த வரம்பை மறந்த வழக்கறிஞர் மெய்யான கோரிக்கையையும் அதே தாளைக் காட்டிக் கொன்றுவிட முடியும்.

ஏழைக் குடும்பத்துக்குச் சோறு போடும் பொய் பாவமா என்ற கேள்விக்குத் தமிழ் மரபில் வலுவான ஒரு சாட்சியம் உண்டு. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார் வள்ளுவர். 'குற்றமற்ற' என்ற நிபந்தனைதான் இங்கே கவனிக்க வேண்டியது. மாற்று வண்டியால் விளையும் நன்மை அந்த நிபந்தனையில் தேறுவதில்லை. தரகரின் பங்கு போனபின்தான் மீதி குடும்பத்துக்கு வருகிறது. பணமோ மற்ற வண்டிக்காரர்கள் கட்டிய பிரீமியத்திலிருந்து போகிறது. எல்லாவற்றையும்விடக் கனமானது வேறொன்று: போலி டிரைவர் ஒப்புக்கொண்ட கணத்தில், உண்மையில் இடித்தவரைத் தேடும் வேலை நின்றுவிடுகிறது. இறந்தவருக்கு நியாயம் கிடைக்கும் வழியை அவர் வீட்டாரே அடைத்துவிடுகிறார்கள். ஆனால் 2 லட்சம், பல லட்சம் என்ற அந்த இடைவெளியை உண்டாக்கியது விதவை அல்ல, சட்டம். ஆகவே கோரிக்கையை மறுப்பது நியாயமாகலாம். அவரைக் கூண்டில் நிறுத்தி அவமானப்படுத்துவது எந்த வகையிலும் நியாயமாகாது.

நேர்மை கோருபவரை மட்டும் கட்டுவதும் அல்ல. காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை இரு தரப்பின் உச்ச நல்லெண்ணம் என்பது 1766-இல் லண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்த்த கார்ட்டர் எதிர் போயம் வழக்கில் நிலைபெற்றது. சுமத்ராவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த மார்ல்பரோ கோட்டை எதிரி கையில் விழுந்தால் பணம் என்பது பாலிசி. கோட்டையின் பலவீனத்தை மறைத்தார்கள் என்பது காப்பீட்டாளரின் வாதம். அந்தக் கோட்பாட்டை நிலைநிறுத்திய வழக்கிலேயே தோற்றவர் காப்பீட்டாளர்தான்.

அதே வடசென்னையின் திருவொற்றியூருக்கு இந்த நல்லெண்ணம் புதிய பாடம் அல்ல. பெரியபுராணத்தில், பிரியேன் என்று அவ்வூரில் தாம் மணக்க இருந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்ய வேண்டியிருந்த சிவனடியார் சுந்தரர், சத்தியம் செய்யும் நேரத்தில் கருவறையை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். சந்நிதியில் சொல்வார், ஆனால் அங்கே சாட்சி இருக்காது. இறைவனோ, மகிழடியிலேயே சத்தியம் கேள் என்று சங்கிலியாரிடம் சொல்லிவிடுகிறார். அந்தச் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரர் பார்வை இழந்தார். மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. சுந்தரர் இறைவனிடம் கேட்டது, சொல்லைக் காப்பாற்றிப் பொருளை ஏமாற்றும் முயற்சி. போலி வண்டி காட்டுபவரும் அதைத்தான் செய்கிறார். ஆண்டுக்கணக்கில் பிரீமியம் வாங்கிவிட்டு, ஆள் இறந்தபின் விண்ணப்பத்தில் ஓட்டை தேடும் நிறுவனமும் அதைத்தான் செய்கிறது. ஆயுள் காப்பீட்டில் 3 ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்கக் கூடாது என்று 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்வது, நிறுவனத்தையும் மகிழடிக்கு இழுக்கும் ஏற்பாடு எனலாம்.

வழக்கறிஞர் நிற்க வேண்டிய இடமும் இதிலிருந்தே தெளிகிறது. உரிமையாளரும் கோருபவரும் கூட்டுச் சேர்ந்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 170-ஆம் பிரிவின் கீழ் அனுமதி பெற்று எல்லா வாதங்களையும் எடுத்துவைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் மோசடி என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். விபத்துக் கோரிக்கையில் குற்ற வழக்கின் அளவுக்கு ஐயமற்ற நிரூபணம் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும் என்று 2009-இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. துக்கத்தில் இருப்பவரிடம் கறாரான சாட்சியம் கேட்கக் கூடாது என்ற இரக்கம் அந்த விதிக்குள் இருக்கிறது.

எனவே ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர், வாகன ஆய்வாளரின் அறிக்கை எல்லாம் பொருந்திவந்து சந்தேகம் தீர்ந்த வழக்குக் கட்டை வழக்கறிஞர் என்ன செய்கிறார் என்பதே அவர் தொழிலின் உரைகல். வாய்தா வாங்கி வாங்கி அதை இழுத்தடிக்க அவருக்கு எப்போதும் வழி இருக்கிறது. பணம் கொடுத்துவிடலாம் என்று நிறுவனத்துக்குக் கருத்துரை எழுதி, அடுத்த லோக் அதாலத்துக்கே அதை அனுப்பவும் வழி இருக்கிறது.