மதுவிலக்கும் மலநீக்கமும்

கள்ளுண்டல் ஐம்பெரும் பாதகங்களுள் ஒன்று என்பது நம்மவர் யாவர்க்கும் ஒப்ப முடிந்த உண்மை. அதனை விலக்கப் புகுந்த திருவள்ளுவனார் அவ்வதிகாரத்தைப் பொருட்பாலின்கண் வைத்தார். திருமூலநாயனாரோ கொல்லாமை, புலான்மறுத்தல் முதலியவற்றோடு ஒருங்கு நிறுத்தித் திருமந்திரத்தின் முதற்றந்திரத்திலே கூறியருளினார். முன்னையது அரசும் உலகியலும் பேசப்படும் இடம். பின்னையது சிவநெறி செல்வார்க்குரிய ஒழுக்கம் பேசப்படும் இடம். இவ்விரு வைப்பினையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. மதுவை விலக்குதல் அரசன் கடனோ, ஆசிரியன் கடனோ? தண்டத்தான் ஆவதோ, அறிவுறுத்தலான் ஆவதோ?

இவ்வையத்தை நூலளவில் வைத்து ஆராய்தல் ஒருவகை. ஒரு நாட்டார் இதனைத் தம் வாழ்விலேயே நூறாண்டளவு சோதித்தனராயின், அவர் கண்ட பயனை நம் சித்தாந்தமாகிய உரைகல்லில் உரைத்துக் காண்டல் பிறிதொருவகை. அமெரிக்க ஐக்கிய நாட்டார் அங்ஙனம் சோதித்தனர். அவர் சமயம் வேறு. ஆயினும் உயிரின் இயல்பும் பாசத்தின் இயல்பும் எந்நாட்டும் ஒன்றேயாகலின், அவ்வரலாறு நமக்கும் பயன்படுவதாம்.

ஆண்டு மதுக்கடைக்குச் சலூன் என்பது பெயர். நம் நாட்டில் அச்சொல் முடிதிருத்தும் கடையைக் குறித்து வழங்கலின், படிப்பார் மயங்காமைப் பொருட்டு ஈண்டு மதுச்சாலை என்றே கூறுவாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுச்சாலைகள் பல பியர் வடிக்கும் பெருமுதலாளிகளின் கைப்பட்டிருந்தன. உரிமத்திற்கு வேண்டும் பணமும் கடைக்கு வேண்டும் தட்டுமுட்டும் அவர் கொடுப்பர். கடைக்காரன் அவர்தம் சரக்கையே விற்பான். குடிக்க வருவார்க்கு உணவு இலவசமென அறிவித்து, உப்பு மிகுந்த பண்டங்களைப் பரப்பி வைப்பர். உப்பு நீர்வேட்கையை எழுப்பும். வேட்கை மேலும் மதுவை வாங்குவிக்கும். தொழிலாளன் கூலியாகப் பெற்ற காசோலையை மாற்றித் தரும் இடமும் அதுவே. கூலி மனையாளின் கைக்குச் செல்லுமுன் கடைக்காரன் கையைக் கடந்தே செல்லவேண்டியதாயிற்று.

இத்தீமையை ஒழிக்க அந்நாட்டு நன்மக்கள் கொண்ட நெறிகள் மூன்று.

முதலாவது, அன்பான் அறிவுறுத்தல். 1840-ஆம் ஆண்டிற் பால்ட்டிமோர் நகரத்து மதுக்கடையொன்றிற் கூடிய குடிகாரர் அறுவர், இனிக் குடியோம் என்று தம்முள் உறுதி செய்துகொண்டு, வாஷிங்டனார் பெயரால் ஒரு சங்கம் கண்டனர். குடியால் நொந்தவனே குடியால் நோவானைச் சென்று கண்டு, தன் கதையைச் சொல்லி, அவனை உடனழைத்து வருதல் அவர் முறை. பல்லாயிரவர் அவ்வாறு வந்து கையொப்பமிட்டனர். ஆயின் அச்சங்கம் சில ஆண்டுகளுள் தளர்ந்தது. உறுதிமொழி கூறினாருள்ளும் பலர் மீண்டும் வழுக்கி வீழ்ந்தனர். தெருமுனைதோறும் கடை திறந்திருக்க, மனவுறுதி ஒன்றே கொண்டு நிற்றல் எளிதன்றாயிற்று.

இரண்டாவது, சட்டத்தான் விலக்கல். 1851-ஆம் ஆண்டில் மெயின் மாகாணத்தார், போர்ட்லண்டு நகரத்தலைவர் நீல் டௌ என்பாரின் முயற்சியால், மருந்து முதலிய சிலவற்றிற்கன்றி மதுவைச் செய்தலும் விற்றலும் கூடாவெனச் சட்டமியற்றினர். சில ஆண்டுகளுள் வேறு பல மாகாணங்களும் அதனைப் பின்பற்றின. ஆயின் 1855-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், மருந்துக்கென நகரமண்டபத்தில் வைக்கப்பட்ட மதுவைக் குறித்து அதே போர்ட்லண்டில் மக்கள் திரண்டு கலகம் விளைத்தனர். டௌ அவர்களின் ஆணையாற் படைவீரர் சுட, ஓருயிர் போயிற்று. மறுவருடமே அச்சட்டம் நீக்கப்பட்டது. 1858-இல் மீண்டும் வந்தது. கன்சாஸ் மாகாணத்தார் 1880-இல் தம் அரசியலமைப்பிலேயே மதுவிலக்கை எழுதிவைத்தனர். இருபதாண்டு கழிந்தும் மதுச்சாலைகள் பல அங்கே வெளிப்படையாக நடைபெற்றன. குடியால் முதற்கணவனை இழந்த கேரி நேஷன் என்னும் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் அவற்றுட் புகுந்து கண்ணாடிகளையும் புட்டிகளையும் உடைத்தெறிந்தார். சட்டம் ஏட்டில் இருந்தது. அதனை நடத்தும் உள்ளம் நடத்துவாரிடத்தில்லை.

மூன்றாவது, அரசியலைக் கைக்கொள்ளல். 1873-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒகாயோ மாகாணத்து ஹில்ஸ்பரோ என்னும் ஊர்ப் பெண்டிர், மதுச்சாலை வாயில்களிற் சென்று முழந்தாளிட்டுக் கடவுளை வழுத்திக் கடைக்காரனை இரந்து வேண்டினர். அடுத்த ஆண்டிற் பெண்டிரின் கிறித்தவ மதுவிலக்குச் சங்கம் தோன்றிற்று. பெண்டிர்க்கு வாக்குரிமை இல்லாத காலம் அது. பின்னர் 1893-இல் அதே மாகாணத்து ஓபர்லின் நகரில் மதுச்சாலை எதிர்ப்புக் கழகம் எழுந்தது. இக்கழகத்தார் தனிக்கட்சி அமைத்திலர். எக்கட்சியினனாயினும் ஆக, தான் குடிப்பவனேயாயினும் ஆக, சட்டமன்றத்தில் மதுவிலக்கின் பக்கம் வாக்களிப்பானாயின் அவனை வெல்விப்பது, அல்லானைத் தோற்பிப்பது என்பதே அவர் கொள்கை. 1905-இல் ஒகாயோவின் ஆளுநர் ஹெரிக் என்பாரை அவர் அங்ஙனமே தோற்பித்தனர். ஊர்தோறும் வட்டந்தோறும் மக்கள் வாக்கினால் மதுச்சாலைகளை மூடுவிக்கும் சட்டங்களைக் கொணர்ந்தனர். ஊரினின்று மாகாணமும், மாகாணத்தினின்று நாடும் ஆகப் படிப்படியே ஏறினர். அரசின் வருவாயிற் பெருங்கூறு மதுவரியாய் இருந்தமை பெருந்தடையாய் நின்றது. 1913-இல் வருமானவரிக்கு அரசியலமைப்பிடங் கிடைத்தபின் அத்தடையும் தளர்ந்தது. முடிவில் 1919-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் அரசியலமைப்பின் பதினெட்டாந் திருத்தம் உறுதிப்பட்டு, மறுவருடம் ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது.

அத்திருத்தத்தின் வாசகத்தில் ஒரு நுட்பம் உண்டு. அது மதுவைச் செய்தலையும், விற்றலையும், கொண்டு செல்லுதலையும் தடுத்ததேயன்றிக் குடித்தலைத் தடுத்ததன்று. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றேன். பின்னர் இது வேண்டப்படும்.

விளைவு யாது? குடி முதலிற் பெரிதும் குறைந்தது. குடியால் வரும் கல்லீரல் நோய்ச்சாவும் அக்காலத்துக் குறைந்திருந்தது. இவற்றை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயின் கள்ளத்தனமாக மது விற்கும் கூட்டத்தார் பெருத்தனர். காவலர் கைக்கூலி கொண்டனர். தொழிற்சாலைக்கென நஞ்சு கலந்து வைத்த சாராயத்தைக் குடித்து இறந்தாரும் பலர். 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இருபத்தோராந் திருத்தத்தால் அவ்விலக்கு நீக்கப்பட்டது. அதன்பின் மதுவைப் பற்றிய அதிகாரம் மாகாணங்களின்பாலதாயிற்று. மிசிசிப்பி மாகாணம் மாத்திரம் 1966 வரை விலக்கைக் கைவிடாது நின்றது.

இனி இதனை ஆராய்வாம். இவ்வரலாறு கேட்டார் இருதிறத்தராய்ப் பிரிவர். ஒருசாரார், "ஒழுக்கம் உள்ளத்தின் பாற்பட்டது; கடையை மூடுதலால் உள்ளம் திருந்துமோ? கிட்டாமையாற் குடியாதவனுக்குப் புண்ணியம் யாது? ஆகலின் சட்டம் பயனில் முயற்சி" என்பர். மற்றொருசாரார், "சட்டம் செவ்வனே நடத்தப்படாமையே குறை, தண்டம் கடிதாயின் குடி தானே ஒழியும்" என்பர். இவ்விரண்டும் ஒருபுடையான் உண்மையே, முழுதும் உண்மையாகா.

முன்னையோர்க்குக் கூறும் விடை வருமாறு. வினை மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படுவது என்பது நம் கொள்கை. கிட்டாமையாற் குடியாதவனுக்கு மனத்தான் வரும் வினை நின்றிலது. ஆயின் காயத்தான் வரும் வினை அம்மட்டில் நின்றது. அன்றியும், அவன் குடித்துவந்து மனைவியை அடித்தலும், மக்களைப் பட்டினியிடுதலும் நின்றன. அவனுக்குப் புண்ணியம் இல்லையாயினும், அக்குழந்தைக்கு அன்று சோறு உண்டு. புண்ணியம் யார்க்கு என்று கணக்கிடும் நாம் அச்சோற்றை மறத்தல் தகாது. சரியை முதலிய நாற்பாதங்களுள்ளும் புறத்தொழிலே முற்பட வைக்கப்பட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. உள்ளம் பழுக்கும்வரை உடலைக் கட்டற விடுக என்று எந்நூலும் கூறிற்றிலது.

இன்னும் ஒன்று. உண்பானும் விற்பானும் ஒருதன்மையரல்லர். உண்பான் தன் வேட்கையால் அலைக்கப்படுவான். விற்பானோ பிறன் வேட்கையை மூலதனமாக்கி, அது தணியாதவாறு உப்பிட்டு வளர்த்து, அதனால் வாழ்வான். முன்னவனிடத்து இரக்கமும் பின்னவனிடத்துத் தண்டமும் உரியன. பிறர்க்கு இடர் விளைப்பானைத் தடுத்தல் அரசின் கடனேயாம். மேலே நினைவில் வைக்கச் சொன்ன நுட்பம் ஈண்டு வேண்டப்படுவது. அமெரிக்கத் திருத்தம் வாசகத்தளவில் இவ்வேற்றுமையை அறிந்திருந்தது. குடிப்பானைக் குற்றவாளியாக்காது, செய்வானையும் விற்பானையுமே அது சுட்டிற்று. அவ்வளவில் அது நெறியே.

பின்னையோர்க்குக் கூறும் விடை வருமாறு. "இறைவன் உயிர்களைத் தண்டித்தலும் கருணையே, மறக்கருணை என்று நூல்கள் கூறவில்லையோ? அரசின் தண்டமும் அத்தகையதன்றோ?" என்று நம்மவருள்ளேயே சிலர் கடாவக் கேட்டிருக்கின்றேன். அற்றன்று. இறைவன் விருப்பு வெறுப்பிலன். ஒவ்வோருயிரின் பக்குவத்தையும் அறிந்து, அதற்கேற்ற அளவிற் செய்வான். சட்டத்திற்குப் பக்குவம் தெரியாது. பலர்க்கும் ஒன்றே அளவு. அதனை இயற்றுவோரும் ஆணவத்தாற் பிணிப்புண்டவரே. தான் குடித்துக்கொண்டே மதுவிலக்கிற்கு வாக்களித்த சட்டமன்றத்தானைக் கழகத்தார் தோள்மேற் கொண்டனரே, அவன் கைதூக்கியதும் சட்டம் பிறந்தது; மதுவேட்கை அவன் உள்ளத்தும் குறைந்திலது, அவனைத் தேர்ந்த மக்களுள்ளத்தும் குறைந்திலது. போர்ட்லண்டிற் சுடுமாறு ஆணையிட்டார்க்கு அவ்வேளையில் உள்ளத்தே நின்றது குடிகாரன்பால் இரக்கமோ, தம் சொல் நிற்கவேண்டும் என்னும் முனைப்போ? அதனை இறைவனே அறிவான். ஆயினும் நன்மை செய்யப் புகுவார் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினாவிக்கொள்ள வேண்டிய வினா அது.

செம்பிற் களிம்பு என்பது ஆணவத்திற்கு நம் ஆசிரியன்மார் காட்டும் உவமை. புளியிட்டுத் தேய்த்தால் செம்பு விளங்கும். அன்றைக்கு அக்கலத்தை எடுத்தாளலாம். விட்டுவைத்தால் களிம்பு மீண்டும் ஏறும். இரசகுளிகை பட்டு அச்செம்பு பொன்னானால் மாத்திரமே களிம்பு அறவே நீங்கும். சட்டம் புளி, அருள் குளிகை. புளி குளிகையாகாது என்பதற்காகத் தேயாத கலத்தில் உணவு சமைப்பார் இலர். தேய்த்துவிட்டோம், இனிப் பொன் என்று கொள்வாரும் அறிவுடையாரல்லர். முதற்சாரார் தேய்த்தலையே இகழ்ந்தனர். மற்றைச்சாரார் தேய்த்த செம்பைப் பொன்னென்று மயங்கினர். 1920-இல் வெற்றி முரசறைந்த கழகத்தார்க்கு 1933-இல் நேர்ந்தது இம்மயக்கத்தின் பயனே என்பது என் துணிபு. கடை மூடியதோடு தம் பணி முடிந்ததெனக் கொண்டு, குடிப்பவன் பக்கலில் இருந்து அவனைத் தாங்கும் பணியை அவர் முன்போற் செய்திலர். பால்ட்டிமோர்ச் சங்கத்தாரிடத்து அன்பு இருந்தது, அரண் இல்லை. கழகத்தாரிடத்து அரண் இருந்தது, அன்பு தேய்ந்தது. இரண்டும் ஓரிடத்துக் கூடிய காலம் அந்நாட்டில் நெடிது நின்றிலது.

ஆகவே வினாவிற்கு விடை இதுவாம். விற்பானைத் தடுத்தல் அரசன் கடன். அது சட்டத்தான் ஆவது. உண்பானுக்கு ஏது குறைத்தலும் சட்டத்தான் ஓரளவு ஆவது. அதனால் அவன் ஈட்டும் ஆகாமியம் ஒருபுடை குறையும். அவன் உள்ளத்து வேட்கையை மாற்றுதலோ சட்டத்திற்கு எட்டாதது. ஒரு சுவையை விடுமாறு உயிர்க்குக் கூறின், அதனினும் மேலான சுவையொன்றைக் காட்டல் வேண்டும். கள்ளினை இகழ்ந்த திருமூலநாயனார் அதனோடு அமையாது சிவானந்தமாகிய தேறலைக் காட்டியது இக்கருத்தாலேயே. அதனைக் காட்டும் கடன் அடியார் கூட்டத்திற்கும் ஆசிரியன்மார்க்கும் உரியது. அரசின்மேல் ஏற்றிவிட்டு நாம் ஓய்ந்திருக்கத்தக்கதன்று.

குடியால் நொந்த ஒருவன் நம் திருமடத்து வாயிலில் வந்து நிற்பானாயின், அவனை வாயிற்காவலன் கடிந்து போக்குவனோ, உள்ளே ஓர் அடியார் எழுந்து சென்று கைப்பற்றி அழைப்பாரோ? சட்டம் கடையை மூடலாம். மூடிய கடையின் முன்னின்று, இனிச் செல்லுமிடம் அறியாது திகைப்பானுக்குத் திறந்த வாயில் ஒன்று வேண்டும். அவ்வாயில் நம்முடையதாகுக.

மேன்மைகொள் சைவம் உலகெலாம் விளங்குக. திருச்சிற்றம்பலம்.