மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும்

கொட்டாஞ்சேனையிலே பொன்னம்பலவாணேசுவரத்தைத் தரிசித்து வந்த மாணாக்கனொருவன் எம்மிடம் ஒரு கட்டுரை எழுதித் தந்தான். இத்திருக்கோயில் ஆயிரம் ஆண்டுப் பழைமையுடையது, கருங்கல்லால் ஆயதாகலின், தஞ்சைப் பெரிய கோயில் போல என்பது அதன் சாரம். சிவாலயத்தின் பெருமை பேசியது கண்டு யாம் மகிழ்ந்து, சரியென்று குறியிட்டுக் கொடுத்தேம். பின்னரே எம் பிழை எமக்குப் புலனாயிற்று. அக்கோயில் 19 ஆம் நூற்றாண்டிலே பொன்னம்பல முதலியாரால் நிறுவப்பெற்றது. அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களால் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கப்பெற்றது.

மாணாக்கன் வாக்கியத்திலே மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் மூன்றும் முறையே அமைந்திருந்தன. குறைந்தது யாதோவெனின், ஏதுவுக்கும் மேற்கோளுக்கும் இருத்தற்குரிய நீங்காத் தொடர்பேயாம். மலைமேற் புகை கண்டார் அங்கே நெருப்புண்டெனத் துணிவர். அடுக்களையிலே புகையும் நெருப்பும் ஒருங்கிருத்தலையும், நெருப்பில்லாத நீர்நிலையிலே புகையின்மையையும் அவர் அறிவர். கருங்கல்லோ பழங்கோயிலிலும் உண்டு, புதுக்கோயிலிலும் உண்டு. இவ்வாறு இருபாலுஞ் செல்லும் ஏதுவை அநைகாந்திகம் என்பர் தருக்க நூலார். ஆகவே, எடுத்துக்காட்டு ஒன்று கிடைத்ததென்று அமையாது, அதற்கு மாறானது ஒன்று உண்டோவெனவும் தேடுதல் வேண்டும். இங்கே அம்மாறு, மாணாக்கன் கண்டு வந்த அக்கோயிலேயாம்!

இவ்வாராய்ச்சி சைவர்க்குப் புதிதன்று. மெய்கண்டதேவர் 13 ஆம் நூற்றாண்டிலே அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையாலேயே விளக்கப்பட்டுள்ளன. கடவுள் உளர் என்பதனையும் ஏதுக் கூறாது அவர் விட்டாரல்லர். அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்திலே, உலகாயதர் முதலிய பிற சமயத்தார் கொள்கையை முன்னர் விரித்துரைத்துப் பின்னரே மறுத்தார். சுபக்கத்தை அளவை கூறித் தொடங்கினார். நல்லூர் ஆறுமுக நாவலர் 1854 இல் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரத்திலே, பாதிரிமார் இகழ்ந்த கிரியைகளுக்கு ஒப்பானவற்றை அவர்களுக்கு உடன்பாடாகிய விவிலியத்தினின்றே எடுத்துக் காட்டினார். பேர்சிவல் பாதிரியாரோடு அந்நூலின் மொழிபெயர்ப்பில் உழைத்து அதனை நன்கு கற்றிருந்தமையால் அது அவர்க்கு இயன்றது. எதிரி ஒப்பாத சான்று எதிரியைத் தெளிவியாது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

இக்காலத்து நம்மவர் செய்வது யாது? திருநள்ளாற்றின் மேலே செல்லும் செயற்கைக் கோள்கள் சில விநாடி நின்றுவிடுகின்றன என்று ஒரு செய்தி கைத்தொலைபேசி வாயிலாகப் பரவுகின்றது. அது பொய். கோள்கள் அவ்வாறு நிற்பதில்லை. ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆராய்ச்சி நிலையத்திலே நடராஜர் திருவுருவம் நிற்கின்றது என்பதோ மெய். இந்திய அரசு அளிக்க, 2004 இல் அது நிறுவப்பெற்றது. ஆயினும், அதுகொண்டு விஞ்ஞானம் சைவசித்தாந்தத்தை நிலைநாட்டிற்று என்பார் கூற்றுப் பொருந்தாது. முன்னையதிலே சான்று பொய்; பின்னையதிலே சான்று மெய்யாயினும் மேற்கோளோடு தொடர்பில்லை. இவ்விரண்டையும் வேறுபிரித்தறிய மாணாக்கர்க்குக் கற்பித்தல் நம் கடன்.

அற்றேல், இளஞ்சிறார் இங்ஙனம் வினாவத் தொடங்கிற் பத்தி குன்றுமன்றோ எனின், குன்றாது. பத்தியைக் குலைப்பது பொய்யேது. இன்று நாம் கொடுத்த பொய்யேதுவை நம்பிய பிள்ளை, நாளை வளர்ந்து அதன் பொய்ம்மையை அறியும்போது, ஏதுவை மாத்திரம் எறிவதில்லை. அதனோடு மேற்கோளையும், அதனைக் கற்பித்த ஆசிரியரையும் சேர்த்து எறிந்துவிடும். செல்லரித்த முட்டுக்காலை நற்சுவருக்குக் கொடுத்தவன் சுவருக்கு நன்மை செய்தவனாகான்.

அன்றியும், முடிபு நமக்கு உவப்பானதென்று குறியிடும் ஆசிரியர், நன்னோக்கத்திற்காகப் பொய் சொல்லலாம் என்னும் தீய பாடத்தைச் சொல்லாமலே சொல்லிக் கொடுக்கின்றார். யாம் செய்த பிழை அதுவே. மறுநாள் அம்மாணாக்கனை அழைத்து, எம் குறியை யாமே அடித்துத் திருத்தினேம். அவன் வருந்தினானல்லன். "அப்படியாயின், கோயிலின் வயதை எவ்வாறு அறிவது, ஐயா?" என்று வினாவினான். அவ்வினாவே கல்வியின் தொடக்கம் என்க.

ஆதலின், வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் வேறெங்காயினும் சைவப் பாடசாலையிற் கற்பிக்கும் அன்பர்காள்! கட்டுரை திருத்தும்போது மூன்று வினாக்களை ஓரத்தில் எழுதுமின். நீ சொல்லுவது யாது? அஃது எதனாற் பெறப்படும்? அதற்கு மாறானது எங்கேனும் உண்டா? நமக்கு உவப்பான கட்டுரைக்கே இவற்றை முதலில் எழுதுமின். சிவபெருமான் மெய்ப்பொருளாதலின், அவர்க்குப் பொய்ச்சான்று வேண்டுவதில்லை.