வீட்டு ரொட்டியின் அசல் விலை

கடல் கடந்து வந்து வாணிபம் செய்யும் நமக்கு, விலை போடத் தெரியாத சரக்கு இல்லை. எதற்கும் அசல் என்ன, ஆதாயம் என்ன என்று உறக்கத்திலும் சொல்வோம். ஆனால் வீட்டில் சுட்ட ரொட்டிக்கு அசல் என்ன? "வீட்டில்தானே செய்தது, செலவில்லை" என்கிறோம். இக்கணக்கு சரிதானா?

இங்கே கடை ரொட்டி பஞ்சுபோல் மெத்தென்று, சற்று இனிப்பாக இருக்கும். ஆணத்தில் தோய்த்தால் கரைகிறதென்று வீட்டிலேயே சுடச் சொல்கிறோம். 500 கிராம் கோதுமை மாவு, 300 கிராம் தண்ணீர், 7 கிராம் ஈஸ்ட், 10 கிராம் உப்பு. இவற்றுக்கு வெள்ளிக் கணக்கு எளிது. ஆனால் பத்து நிமிடம் கை நோகப் பிசைய வேண்டும். பிசைந்தால்தான் மாவு இழுபட்டு, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கும். இவ்வூர் வெக்கையில் ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடும், மறந்திருந்தால் புளித்துப்போகும். ஆகவே ஒருவர் காவலிருக்க வேண்டும். அவர் யார்? கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமல்லவே! ஊரிலானால் உம்மா உண்டு, மதினி உண்டு, அண்டை வீடு உண்டு. இங்கே இரண்டே கைகள்.

ஒருநாள் ரொட்டி உப்பாமல் கல்லாக வந்தது. நாம் கடிந்து பேசினோம். துணைவியார் பதில் பேசவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையோடு இரவெல்லாம் விழித்திருந்த அசதியில் கொதிநீரை ஊற்றிவிட்டார், சூட்டில் ஈஸ்ட் செத்துவிட்டது என்பதைப் பிறகே அறிந்தோம். அன்று நமக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

"அன்புக்கும் விலை பேசுவதா?" என்று சிலர் கேட்கலாம். விலை வேறு, கணக்கு வேறு, சகோதரர்களே! கடைப் பையனுக்குச் சம்பளம் கொடுத்துத் தீர்க்கிறோம். கொடுத்துத் தீர்க்க முடியாத கடனையும் பேரேட்டில் எழுதி வைப்பதே நாணயம். எழுதாத கடன் மறந்துபோகும். மறந்துபோன கடன்காரனே கொடுத்தவர்மீது சுடுசொல் வீசுவான். அன்பால் செய்தது என்பதற்காக உழைப்பு இல்லாமற் போய்விடுமா?

ஆகவே, கடை அடைக்கும் நாளிலாவது மாவை நாமே பிசைவோமாக. நம் கையால் வரும் முதல் ரொட்டி கல்லாகத்தான் இருக்கும். வீட்டில் குறை சொல்லாமல் தின்பார்கள். நாம் படிக்க வேண்டிய பாடம் அதிலேயே இருக்கிறது.