அருவிக்கரையும் மதுப்புட்டியும்

பொது இடத்தில் மது அருந்தக் கூடாது என்பது ஒரு விதி. மது அருந்தவே கூடாது என்பது வேறொரு விதி. முன்னது இடத்தைக் காக்க வந்தது, பின்னது குடிப்பவரைத் திருத்த வந்தது. இரண்டுக்கும் தேவையான நியாயங்கள் வேறு வேறு. தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. அதனால் முதல் விதியின் நியாயம் மங்கிப்போகிறது, இரண்டாவதன் மீதான சலிப்பு முதலாவதன் மேலும் படிந்துவிடுகிறது. தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது.

ஒகேனக்கல் நகராட்சிப் பூங்கா அன்று. பென்னாகரம் வட்டம் கூத்தப்பாடி ஊராட்சியைச் சேர்ந்த காட்டோரச் சிற்றூர் அது. அங்கே பூங்காவின் வேலையைச் செய்வது காவிரிதான். சனி, ஞாயிறுகளிலும் ஆடிப்பெருக்கிலும் வருபவர்கள் பாறையில் குப்புறப் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள், அருவியில் நிற்கிறார்கள், பரிசலில் போகிறார்கள், வாங்கிய மீனைக் கரையிலுள்ள பெண்களிடம் கொடுத்துக் குழம்பும் வறுவலுமாக வாங்கிச் சாப்பிடுகிறார்கள். வந்தவர் யாராக இருந்தாலும் அருவிக்குப் போகும்போது செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நகரத்துப் பூங்காவில் உடைந்த புட்டி கண்ணை உறுத்தும் குப்பை. இங்கே அது காலை அறுக்கும் கத்தி. 180 மில்லி குவார்ட்டர் புட்டி பாறையில் பட்டுச் சிதறினால் பெரிய துண்டுகளை யாராவது பொறுக்கிப் போடலாம். பாறை வெடிப்பில் முழங்கால் நீருக்கடியில் கிடக்கும் விரலகலச் சில்லு, நீரின் நிறத்திலேயே இருப்பதால், மிதித்த பிறகுதான் தெரியும். மிதிப்பவர் பெரும்பாலும் குழந்தையாக இருப்பார். அல்லது நாள் முழுதும் அதே பாறையில் நின்று பிழைக்கும் எண்ணெய் தேய்ப்பவராக இருப்பார்.

இந்த மண்ணுக்கு மதுவிலக்கு புதிதன்று. இந்தியாவில் விடுதலைக்கு முந்தைய மதுவிலக்குச் சோதனைகளில் முதன்மையானது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. அப்போது சென்னை மாகாண அரசின் தலைவராக இருந்தவர் ராஜாஜி. தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965இல்தான் என்பதால் ஒகேனக்கல்லும் அந்த முதல் எல்லைக்குள் அடங்கியிருந்தது. மதுவால் வரும் வருவாயை இழந்த அரசு 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. விலக்கின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற நேர்மை அந்த ஏற்பாட்டில் இருந்தது. 1948இல் மாகாணம் முழுதும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பி வந்தது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் உருவான, மாநில அரசின் டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. மதுவிலக்குச் சட்டம் என்ற பெயர் மட்டும் மாறவில்லை: அதன் நிழலில்தான் அரசு விற்கிறது, அதே சட்டத்தின் கீழ்தான் பொது இடத்தில் போதையில் காணப்படுபவர் மீது வழக்கும் பதிவாகிறது.

மத்தியச் சட்டத்தின் பார்வை இதைவிடக் குறுகியது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தருவதைத்தான் குற்றம் என்கிறது. தண்டனை 24 மணிநேரம் வரை வெறுங்காவல், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு அபராத உச்சம் பத்து ரூபாய்! அறநோக்கில் 355ஆம் பிரிவின் அடித்தளம் உறுதியானது. ஒருவர் உள்ளுக்குள் எப்படி இருக்கிறார் என்று அது கேட்பதில்லை. அவரால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன நேர்கிறது என்று மட்டுமே கேட்கிறது. திருக்குறள் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்திருப்பதும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. புலால் மறுத்தல் துறவறத்துக்குப் போயிற்று. கள் உலகியலோடு நின்றது.

அருவிக்கரையில் தடை வேண்டும் என்பதற்கு இந்த அடித்தளமே போதும். தன் உடலைக் கெடுத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று வாதத்துக்கு ஒப்புக்கொண்டாலும், அந்த உரிமை பரிசலுக்குள் ஏறும்போது நின்றுவிடுகிறது. பரிசல் வட்டமானது, ஒருவர் எழுந்து நின்றால் எல்லோரும் சாய்வார்கள். துடுப்புப் போடுபவர் அன்றாடக் கூலியை நம்பி இருப்பவர். தள்ளாடி வரும் வாடிக்கையாளரை ஏற்ற மறுக்கும் துணிவை அவரிடமிருந்து தனியாக எதிர்பார்ப்பது நியாயமன்று. விதி இருந்தால் மறுப்பு அவருடையதாக இராது, விதியினுடையதாகிவிடும். மீன் வறுத்துத் தரும் பெண்ணுக்கும் அப்படித்தான். அடுப்புக்கு முன்னால் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நான்கு பேரைப் போகச் சொன்னால் அன்றைய வியாபாரம் போகும், சொல்லாவிட்டால் வசவைக் கேட்டுக்கொண்டு சமைக்க வேண்டும். பொது விதி என்பது பலவீனமான தரப்பின் வாயாக இருக்கும்போதுதான் அதற்குப் பெருமை.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. விடுதியில் அறை எடுத்தவர் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கலாம், அவரை இந்த விதி தொடாது. காலையில் பேருந்தில் வந்து மாலையில் திரும்பும் கட்டடத் தொழிலாளிக்கு நான்கு சுவர் கிடையாது. பாறைதான் அவருக்கு அறை. ஆகவே தடை எல்லோருக்கும் பொது என்று எழுதப்பட்டாலும் அபராத ரசீது வறியவர் பெயருக்கே எழுதப்படுகிறது. சிங்கப்பூரில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பின், 2015 ஏப்ரல் 1 முதல் தீவு முழுதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடங்களில் குடிக்கத் தடை வந்தது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் மட்டும் வார இறுதி முழுவதற்கும் தடை நீண்டது. தமிழ், வங்காளத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் இடம் லிட்டில் இந்தியா. செயலைத் தடுக்கப் புறப்பட்ட விதி, ஒரு வகை மனிதர் கூடுவதையே ஐயத்துடன் பார்க்கத் தொடங்கிய இடம் அது. கோவா 2019இல் கடற்கரைகளில் குடிப்பவர்களுக்கு விதித்த அபராதம், தனி ஆளுக்கு 2,000 ரூபாய், குழுவுக்கு 10,000 ரூபாய், இடத்தை மட்டுமே பார்த்தது. சொகுசுக் காரில் வந்தவரும் கடற்கரை மணலில் குடித்தால் கட்ட வேண்டியிருந்தது.

இந்த எதிர்வாதம் தடையைத் தகர்ப்பதில்லை, தடை விதிப்பவருக்கு ஒரு கடனை ஏற்றுகிறது. 2023–24இல் டாஸ்மாக் வழியாகத் தமிழ்நாட்டு அரசுக்குக் கிடைத்த வரி வருவாய் 45,855 கோடி ரூபாய். இந்த அளவுக்கு விற்பவர், வாங்கியவர் எங்கே போய்க் குடிப்பார் என்ற கேள்வியைக் காவலர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது. ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 சாட்சி. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. சாலையில் போகிறவரின் உயிரைக் காக்கும் நோக்கம் குறை சொல்ல முடியாதது. ஆனால் மூடிய கடைகள் ஊருக்குள்ளும் வயல் வழியிலும் இடம் தேடியபோது, திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம் உட்படப் பல ஊர்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள்.

கடனைத் தீர்க்கும் வழியில் ஓரளவு உருப்படியானது காலிப் புட்டியைத் திரும்பப் பெறும் திட்டம். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கி வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். குடிப்பவருக்கு இது போதனை செய்வதில்லை, அவரைத் துரத்துவதுமில்லை. அவர் வீசி எறிந்தாலும் பொறுக்குபவருக்குப் பத்து ரூபாய். காட்டோர ஊர்களுக்கு இதன் மதிப்பு இன்னும் கூடுதல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நடமாடும் யானையின் உள்ளங்கால் மெத்தென்றது, அதுவும் வெறுங்கால்தான்.

வழக்கம் என்ற பெயரில் எழும் மறுப்பையும் குறிப்பிட வேண்டும். முனியப்பனுக்குக் கிடா வெட்டிச் சாராயம் படைத்து ஆற்றங்கரையில் பந்தி வைக்கும் மரபு இந்தப் பக்கத்தில் உண்டு. அதைக் குடிவெறியென்று ஒரே சொல்லில் தள்ளுவது படித்தவரின் அவசரம். படையலுக்கு இடமும் நாளும் உண்டு, கூடி இருப்பவர்களின் கண்டிப்பும் உண்டு. குளிக்கும் துறையைத் தவிர்த்துக் கோயில் எல்லையை விட்டுவைக்கும் விதியை எழுத முடியாததில்லை. தடைக்குக் காரணம் நீரும் கண்ணாடியும் என்று ஒப்புக்கொண்டால் எல்லையும் தானே கிடைக்கும்: அருவித் துறைகள், பரிசல் துறை, தொங்குபாலம், சமையல் அடுப்புகள் இருக்கும் கரை. அங்கே கண்ணாடிப் புட்டி எந்தப் பானத்துடையதாக இருந்தாலும் கூடாது. மீறியவருக்கு அபராதத்தைவிட 355ஆம் பிரிவு சொல்லும் சமூக சேவை பொருந்தும். பாறை வெடிப்பில் சில்லுப் பொறுக்கும் அரைநாள் வேலையில் ஏழைக்கும் பணக்காரருக்கும் சுமை ஒன்றே.

சோதனை எங்கே என்பது மிச்சமுள்ள கேள்வி. மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் பேருந்துப் பயணியின் துணிப்பையைப் பிரித்துப் பார்த்து, காரின் பின்பெட்டியைத் திறக்காமல் விட்டால் விதி அங்கேயே செத்துவிடும். மற்றொரு சிக்கல் ஆற்றினுடையது. எதிர்க்கரை கர்நாடகம். அங்கே வாங்கிய புட்டிக்கும், பெங்களூரிலிருந்து காரில் வரும் புட்டிக்கும் இங்கே பத்து ரூபாய் கிடையாது. அவற்றையும் ஊராட்சி எடுத்துக்கொள்வதானால் அந்தப் பணத்தை யார் தருவது என்பதை இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.