விலை குறைந்தால் கடமையும் குறையுமா?

நமது வியாபார அன்பர்களில் பலர் இப்பொழுது ஒரு மடிக்கணினி வாங்கலாமா என்ற யோசனையில் இருக்கிறார்கள். மலேசியாவில் மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது. பேரேட்டையும் சிட்டையையும் கொண்டே காலம் தள்ளியவர்களும் கணினியின் முன் உட்கார வேண்டியதாயிற்று. இந்தச் சமயம் பார்த்து, "1,499 வெள்ளி மடிக்கணினி, இன்று மட்டும் 999 வெள்ளி" என்ற விளம்பரம் கண்ணில் பட்டால், கை தானாகவே பணப்பைக்குப் போகிறது. 500 வெள்ளி லாபம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

அந்த 500 வெள்ளி மெய்யாகவே நமக்கு வந்த லாபந்தானா? விலையைக் குறைத்துக் கொடுத்தவருக்கு அதற்கு மேல் நம்மிடம் ஏதேனும் கடமை உண்டா? வாங்குகிற நமக்கும் ஒரு கடமை உண்டா? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

விலைக் குறைப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நாமே கடை வைத்திருப்பவர்கள். காரணமில்லாமல் எந்த வியாபாரியும் விலையைக் குறைப்பதில்லை. பிஸ்கட் டின்னில் தேதி நெருங்கியிருக்கும். சட்டையில் ஒரே அளவு மிஞ்சியிருக்கும். கைலியின் மடிப்பு வெயில் பட்டு மங்கியிருக்கும். புதுச் சரக்குக்கு இடம் வேண்டியிருக்கும். அல்லது மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய தவணை வந்திருக்கும்.

இந்தக் காரணங்கள் இரு வகைப்படும். ஒன்று விற்பவரோடு நின்றுவிடுவது. மற்றொன்று பொருளோடு சேர்ந்து நமது வீட்டுக்கு வருவது. இடம் வேண்டும் என்பதும், தவணை கட்ட வேண்டும் என்பதும் முதல் வகை. தேதி நெருங்கியதும், நிறம் மங்கியதும் இரண்டாம் வகை. மலிவான பொருளைக் கையில் எடுத்ததும் நாம் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்த வகை என்பதே.

நிற்க. மடிக்கணினிக்கு வருவோம். புதிதாகவே மலிவாக விற்கப்படுபவை சிலவற்றில் 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பகமும் இருக்கும். விண்டோஸ் 11 நிறுவுவதற்கு அந்த நிறுவனமே விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு இதுதான். வாசற்படியைத் தாண்ட அது போதும். வீட்டில் நடமாடப் போதாது. சேமிப்பகத்தின் பெரும்பங்கை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பகம் இ.எம்.எம்.சி. என்ற வகையானால், எஸ்.எஸ்.டி.யைவிட வேகம் குறைவு. போர்டோடு பற்றவைத்திருப்பதால் பிறகு மாற்றவும் முடியாது.

பழைய கணினிகளின் கதை வேறு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை, சில விலக்குகள் நீங்கலாக, விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்ற பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட கணினி பாதி விலைக்கு வந்தால், அது தேதி நெருங்கிய டின் அன்று. தேதி கடந்த டின். அதே சமயம், கம்பெனிகள் சில ஆண்டுகள் உபயோகித்துக் கைமாற்றிய உறுதியான கணினிகளும் அதே மேசையில் கிடக்கும். எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆகி, பேட்டரியும் நன்றாயிருந்தால், புது மலிவுக் கணினியைவிட அது நீடித்து உழைக்கக்கூடும்.

"குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு அதில் நிறைவை எதிர்பார்க்கலாமா? பார்த்து வாங்குவது அவர் பொறுப்பு" என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். கண்ணுக்குத் தெரியும் குறைக்கு இது பொருந்தும். கைலியின் மங்கலை விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கணினியின் குறையோ பெட்டியின் ஓரத்தில் நான்கு எழுத்தாக ஒளிந்திருக்கிறது. வாங்குபவரின் கண் எட்டாத இடத்தில் விற்பவரின் வாய் பேசியாக வேண்டும். குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பதை மதரஸாவில் ஓதிய நாளிலிருந்தே நாம் கேட்டு வருகிறோம். நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இதை ஒட்டியே நிற்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாங்கச் சம்மதிக்கும் முன்பே சுட்டிக் காட்டிய குறையை மட்டும் காரணமாக வைத்து, பிறகு தரம் இல்லை என்று சொல்ல முடியாது. குறையைச் சொன்னவரைச் சட்டமும் காக்கிறது. விலையைக் குறைத்ததனால் சொல்லும் கடமை குறைந்துவிடவில்லை.

இனி வாங்குபவரின் கடமை. ஒரு பேச்சுக்கு, 999 வெள்ளிக் கணினி இரண்டு ஆண்டு உழைக்கிறது, 1,800 வெள்ளிக் கணினி ஐந்து ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னதற்கு மாதம் ஏறக்குறைய 42 வெள்ளி; பின்னதற்கு 30 வெள்ளி. மலிவு எங்கே போயிற்று?

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. பணத்தை மிச்சம் பிடித்தவர் முதலாளி. திரை எப்போது திறக்கும் என்று காத்துக்கிடப்பவர் கணக்கு எழுதும் தம்பி. கடை அடைத்த பிறகும் அவர் உட்கார்ந்திருப்பார். வேலை முடியாவிட்டால் ஏச்சும் அவருக்கே. நாம் மிச்சம் பிடித்ததாக நினைத்த 500 வெள்ளியை அவர் தமது நேரத்தால் தினமும் கட்டுகிறார். இன்னொருவர் தலையில் ஏற்றிய செலவை நமது லாபம் என்று எழுதுவது எந்தப் பேரேட்டிலும் சரியான வரவு ஆகாது.

ஆகவே மலிவுக் கணினியே கூடாது என்பது நமது கருத்தன்று. பிள்ளை பாடம் எழுதவும், கடிதம் அடிக்கவும் மட்டும் என்றால் எளிய கணினி போதும். அதற்கு மேல் வாங்குவதுதான் வீண். மாதத்தில் நாலைந்து பட்டியல் போடுகிறவருக்கு வருமான வரி வாரியத்தின் இலவசக் கைப்பேசிச் செயலியே போதுமாயிருக்கலாம். முதலில் வேலையை எழுதுங்கள், யார் உட்காரப் போகிறார் என்று எழுதுங்கள், அவரையும் கேளுங்கள். அதன் பிறகு விலையைப் பாருங்கள். இன்று மட்டும் என்ற அவசரம் விற்பவருடையது. அதை நாம் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கடைசியாக, நாம் மற்றவரிடம் கேட்கும் இதே கேள்வியை நமது வாடிக்கையாளர் நம்மிடம் கேட்டால் முகம் சுளிக்கலாகாது. அடுத்த முறை கடை வாசலில் மலிவு விற்பனை என்று பலகை வைக்கும்போது, அதன் கீழே காரணத்தையும் ஒரு வரி எழுதி வைப்போம். அதைப் படித்த பின்பும் வாங்குகிறவரே நமக்கு நிலையான வாடிக்கை.