சுச்ரூஷையின் பொருள்

முதுமையுற்ற தாயை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது தர்மமாகுமா என்று வினவுவோர் பலர். தம் பாதுகாப்பிலுள்ள முதியோரைக் கைவிடுவோர்க்கு 3 மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க 2007 ஆம் ஆண்டின் மத்திய சட்டம் இடமளிக்கிறது. மனத்தால் கைவிடுவதையோ எச்சட்டமும் அறியாது.

பணிவிடையைக் குறிக்கும் ‘சுச்ரூஷை’ என்னும் வடசொல்லுக்குக் ‘கேட்க விரும்புதல்’ என்பதே மூலப்பொருள். ஆதலின் இல்லத்தின் கட்டணத்தையும் கட்டடத்தையும் ஆராயுமுன் அன்னையின் திருவுள்ளத்தைக் கேட்டறிதல் வேண்டும். பின்னர் அவரையும் உடனழைத்துச் சென்று, நள்ளிரவில் குரல் கொடுத்தால் வருவார் யார், குளியலறையில் பற்றி நடக்கக் கைப்பிடி உண்டா, மருத்துவர் எவ்வளவு தொலைவில் என்பவற்றை நோக்குக.

‘மகனுக்குப் பாரமாகலாகாது’ என்றெண்ணி அவர் இசைவாராயின், அந்த இசைவினுள் ஒளிந்திருக்கும் மறுப்பையும் செவிமடுப்பதே சுச்ரூஷை. மனமுவந்து செல்வாராயின் அது தர்மமே. சேர்த்த பின்னரும் அச்செவி மூடலாகாது.