இலவசக் கல்வியும் இணையக் கல்வியும்: ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருளை எவருக்கும் மறுக்காதிருத்தல் வேறு. அது எல்லோருக்கும் கிட்டச் செய்தல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தை இலங்கையின் கல்வி வரலாறு முன்னரும் கண்டதுண்டு. கன்னங்கராவின் தலைமையிலமைந்த விசேட குழு 1943 இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆயின் கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகள், தோட்டப் பாடசாலைகளை எழுபதுகளில் அரசு பொறுப்பேற்கும்வரை, பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றனர். பேராதனை வளாகத்துக்கு மேலே ஹந்தானைத் தோட்டம். இரண்டுக்கும் இடையிலிருந்த தூரம் மைல்களால் அளக்கத்தக்கதன்று.

2020 மார்ச்சில் கொவிட் பெருந்தொற்றால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அதே வினா புதிய உருவில் எழுந்தது. பேராதனையைத் தளமாகக் கொண்ட லேர்ன் எனும் கல்வி, ஆய்வு வலையமைப்பு, சூம் வழியான விரிவுரைகளுக்கு வசதி செய்தது. பல்கலைக்கழகக் கற்றல் தளங்களை மாணவர் தரவுக் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் ஏற்பாடாயிற்று. இது சிறிய சாதனையன்று. எனினும், கட்டணத்தை நீக்குவதால் மலைச்சரிவில் அலைவரிசை கிடைத்துவிடாது. 2021 இல் ஊவா மாகாணத்துக் கிராமமொன்றின் பிள்ளைகள் பாடங்களைப் பெறுவதற்காகக் காட்டினூடே நடந்து பாறையுச்சிக்கு ஏறிய செய்தி வெளிநாட்டு ஏடுகளிலும் வந்தது. துவிச்சக்கர வண்டியை உடைமையாகக் கொண்டிருப்பதும் அதில் பயணம் செய்ய இயலுவதும் ஒன்றல்லவென அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியது இங்கு முற்றும் பொருந்தும்.

எனவே, கருவியின் வடிவமே அறவியல் வினாவாகிறது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு எழுத்துக்கோப்புகளாக வழங்குகிறது. அவை மிகச் சிறியன, பழைய கைத்தொலைபேசியிலும் இறங்குவன. 2005 இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கப் படங்களாகப் பேணுகிறது. அச்சின் மூலவடிவம் காக்கப்படுகிறது, ஆனால் கோப்பின் பருமன் கூடுகிறது. இரண்டும் தேவையே. நேரலை விரிவுரையோ இவ்விரண்டினும் பாரமானது. அந்த வேளையிலேயே பெறாதவனுக்கு அது இல்லாததற்குச் சமம். (ஒரு கருவி பயனுள்ளதா என்பது பெரும்பாலும் அதனைப் பரிந்துரைப்பவரின் வீட்டு இணைப்பை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது.)

கிட்டாதவரைக் கருதிக் கிட்டியவரும் கைவிட வேண்டுமா என்பர் சிலர். வேண்டியதில்லை, அறியாமையைப் பங்கிடுவது சமத்துவமாகாது. ஆயின் துணைநிற்கும் சாதனமொன்றைக் கட்டாய நிபந்தனையாக்குவது முற்றிலும் வேறான செயல். நேரலை வகுப்பின் வரவுக்குப் புள்ளி வழங்கும் விரிவுரையாளர் மாணவனின் முயற்சியோடு அவன் லயத்தறைக்கு அலைவரிசை எட்டுகிறதா என்பதையும் சேர்த்தே அளக்கிறார். அதே விரிவுரையைப் பத்துப் பக்கக் குறிப்பாக எழுதிக் கற்றல் தளத்தில் இட்டால், வாரத்துக்கொருமுறை நகருக்கு இறங்கி வரும் மாணவனும் அதனைத் தரவிறக்கிச் சென்று, இணைப்பில்லாத இரவில் படிக்கலாம். அக்குறிப்பை எழுத விரிவுரையாளருக்கு மேலும் சில மணிநேரம் செலவாகும். அந்த நேரத்தை யார் ஈடுசெய்வது என்பது பல்கலைக்கழக நிர்வாகம் விடையளிக்க வேண்டிய வினா.